அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், அம்மா வீட்டைக் காலி பண்றோம். பரண்ல பெட்டி நிறையப் பழைய கேசட். எல்லாம் இப்ப யூடியூப்லயே கிடைக்குதே, போட்டுடலாமா?" கீழே வரிசையாகப் பலர் "போட்டுடு" என்று பதில் எழுதியிருந்தீர்கள். என் தம்பி மகனும் அதையேதான் சொன்னான்: "அத்தை, குப்பையைக் கட்டிக்கிட்டு அழாதீங்க."

சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டால் பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு ஆயிரம் பிரதிகள் இருக்கும். ஆனால் எண்பதுகளின் பிற்பாதியில் நம் பள்ளியில் படித்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் உங்கள் கையெழுத்தில் "கம்ப்யூட்டர்" என்றோ "பேசிக்" என்றோ எழுதிய கேசட் ஒன்று கிடந்தால், உலகத்தில் அதற்கு வேறு பிரதி இருக்க வாய்ப்பில்லை. அதைக் குப்பையில் போடக் கூடாது. அதில் இருப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டும். அதுவும் சரியான முறையில் எடுக்க வேண்டும். இதுதான் என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்காக முதலில் கொஞ்சம் பழைய கதை. மத்திய அரசு 1984-85 கல்வியாண்டில் "கிளாஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்துவது நோக்கம். முதல் கட்டத்தில் நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகள்தான். அவற்றுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் பிபிசி நடத்திய கணினிக் கல்வித் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற நிறுவனம் செய்தது, 1981இல் வெளிவந்தது. நம் பள்ளிக்கு வந்த மாடலின் நினைவகம் 32 கேபி. இன்று நீங்கள் காலையில் அனுப்புகிற "குட்மார்னிங்" படம் ஒன்று அதைவிடப் பெரியது.

மின்சாரத்தை நிறுத்தினால் அந்த மெஷினுக்கு எல்லாம் மறந்துவிடும். எழுதிய புரோகிராமைச் சேமிக்க நம்மிடம் இருந்தது சாதாரண டேப் ரெக்கார்டர். "ரெக்கார்ட் தென் ரிட்டர்ன்" என்று திரையில் வரும். ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு ரிட்டர்ன் தட்டினால் முதலில் சீரான ஒரு விசில் சத்தம், பிறகு கரகரவென்று ஓர் இரைச்சல். அந்த இரைச்சல்தான் உங்கள் புரோகிராம்.

அதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். தமிழில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை. இந்த மெஷின் 0 என்று சொல்ல வேண்டுமானால் ஒரு நீண்ட அலையை அனுப்பும், அதாவது ஒரு நெடில். 1 என்று சொல்ல இரண்டு குட்டை அலைகள், அதாவது இரண்டு குறில். எதுவானாலும் மொத்த நேரம் ஒன்றுதான், ஒரு விநாடியில் 1200இல் ஒரு பங்கு. நீண்ட அலைக்கு 1200 ஹெர்ட்ஸ், குட்டை அலைக்கு 2400 ஹெர்ட்ஸ். ஓர் எழுத்துக்கு எட்டு இலக்கம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆகப் பத்து. அப்படியானால் விநாடிக்கு 120 எழுத்து. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். 45 × 60 × 120 = 3,24,000 எழுத்து. நடுவில் வரும் இடைவெளிகளைக் கழித்தால் இன்னும் குறையும். (கணக்கு டீச்சரிடம் கேசட்டைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சரி, இதை ஏன் காப்பாற்ற வேண்டும்? தம்பி மகன் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவன் வாதம் இது: "ஐம்பது வரி புரோகிராம், அத்தை. இன்னைக்கு ஏஐகிட்ட கேட்டா அஞ்சு செகண்ட்ல எழுதிக் கொடுத்துடும்." கொடுக்கும். ஆனால் எனக்கு வேண்டியது ஒரு வாய்ப்பாட்டு புரோகிராம் இல்லை. 1987இல் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, வீட்டில் டெலிபோன்கூட இல்லாதவள், வாரத்துக்கு நாற்பது நிமிடம் மட்டும் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து, தானே யோசித்து எழுதிய புரோகிராம் எனக்கு வேண்டும். பாடத்திட்டம் எங்காவது அலமாரியில் இருக்கும். நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது இந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

என்னிடம் இருந்தவையும் நான்கைந்து பேர் கொண்டுவந்து கொடுத்தவையுமாக இதுவரை ஒன்பது கேசட் பார்த்தாகிவிட்டது. அதில் புள்ளிக் கோலம் போடும் புரோகிராம் மட்டும் மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒன்று போல இல்லை. ஒருத்தி புள்ளிகளை முதலில் வைத்துவிட்டுக் கோடு இழுத்திருக்கிறாள். இன்னொருத்தி கால் பங்கு கோலத்தை மட்டும் எழுதி, அதையே நான்கு முறை திருப்பிப் போட்டிருக்கிறாள். சமச்சீர் என்ற பாடத்தை நான் நடத்துவதற்கு முன்பே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்!

தமிழ் எழுத்தும் இருக்கிறது. அந்த மெஷினில் தமிழ் கிடையாது. ஆனால் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே புது எழுத்து வரைந்துகொள்ளலாம். ஒரு வரிசைக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். எட்டு வரிசைக்கு எட்டு எண். எந்தக் கட்டம் எரிய வேண்டுமோ அதன் மதிப்பை 128, 64, 32, 16 என்று கூட்டிப் போட வேண்டும். "அ" என்ற எழுத்து ஒரு கட்டத்தில் அடங்காது. அதனால் இரண்டு கட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினாறு எண்களைக் கூட்டி எடுத்து அதை வரைந்திருக்கிறீர்கள். இரண்டடிமான எண்முறையை நான் கரும்பலகையில் மூன்று நாள் நடத்தினேன். "அ" வரைந்தவர்களுக்கு அது ஒரே மத்தியானத்தில் புரிந்தது என்று இப்போது தெரிகிறது.

"யாராவது இதையெல்லாம் செய்வாங்க டீச்சர்" என்று ஒருத்தி சொன்னாள். யாராவது என்பவர் யார்? கடையில் விற்ற கேம் கேசட்டுகளை இங்கிலாந்தில் ஆர்வலர்கள் ஏற்கெனவே தேடித்தேடி எடுத்து வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் எழுதியதைத் தேடி அவர்கள் வர மாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் செய்ததற்கே என்ன கதி வந்தது பாருங்கள். இங்கிலாந்தில் 1086இல் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டுக்காக 1986இல் பிபிசி பெரிய திட்டம் போட்டு, பள்ளிப் பிள்ளைகளை வைத்தே நாடு முழுவதும் தகவல் திரட்டி, லேசர் டிஸ்க்கில் பதிந்தது. படிக்கப் பயன்பட்டது இதே பிபிசி மைக்ரோ குடும்பத்து மெஷின்தான். பதினைந்து வருடத்துக்குள் அந்த டிஸ்க்கைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு அதை மீட்க வேண்டியிருந்தது. 900 வருடப் புத்தகத்தை இன்றும் கண்ணால் பார்த்துப் படிக்கலாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கதையை வகுப்பில் கேட்டிருக்கிறீர்கள். விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போடுவதற்கு முன் என்ன போடுகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

இனி எப்படி எடுப்பது என்பது. இதில் என் கருத்து கறாரானது: முதலில் ஒலியை முழுதாக எடுங்கள். புரோகிராமைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

நம் மாணவி ஒருத்தி கேசட்டைக் கடையில் கொடுத்து எம்பி3 ஆக மாற்றி வாங்கி வந்தாள். கடைக்காரர் நல்ல மனிதர், அக்கறையாக இரைச்சலை எல்லாம் நீக்கிக் கொடுத்திருந்தார். நம் கேசட்டில் இரைச்சலைத் தவிர வேறென்ன இருக்கிறது! நல்ல வேளை, மூலக் கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்தாள். எம்பி3 என்பது மனிதக் காதுக்குத் தேவையில்லாததை விட்டுவிடும் முறை. பாட்டுக்கு அது போதும். இங்கே கேட்கப்போவது காது இல்லை. அதனால் டபிள்யூஏவி கோப்பாக, விநாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் பதிய வேண்டும். டேப் ரெக்கார்டரில் டால்பி இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு சேனலையும் தனித்தனியாகப் பதியுங்கள். டேப்பின் ஒரு ஓரம் கெட்டிருந்தாலும் மறு ஓரத்தில் ஒலி நன்றாக இருக்கலாம். 45 நிமிடப் பக்கத்துக்குச் சுமார் 476 எம்பி வரும். அதிலிருந்து வெளியே வருவது 324 கேபிக்கும் குறைவு. "அப்புறம் ஒலி எதுக்கு, அழிச்சுடலாமே" என்று தோன்றும். அழிக்காதீர்கள். இன்று பிரிக்க முடியாத இடத்தை ஐந்து வருடம் கழித்து வரும் மென்பொருள் பிரிக்கலாம். டேப் அதுவரை இருக்கும் என்று சொல்ல முடியாது.

டேப் எப்படிக் கெடுகிறது? மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசை மாதிரி ஒரு பொருளால் ஒட்டியிருக்கிறார்கள். ஈரக் காற்று பட்டுப் பட்டு அந்தப் பசை தளரும். தூள் உதிர்ந்தால் எழுத்தும் உதிரும். நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அப்படி இருந்தால் டேப்பை ஓட்டவே வேண்டாம். மெஷினில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் நல்லதில்லை. பெரும்பாலான கேசட்டில் நான் பார்த்த கோளாறு இன்னும் சின்னது. டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். திருகு போட்ட கூடாக இருந்தால் பிரித்து, டேப்பை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். இன்னொன்று ஹெட் சாய்ந்திருப்பது. டேப்புக்கு ஹெட் நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் முதலில் மங்குவது குட்டை அலைகள், அதாவது குறில்கள். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மயிரிழை அளவு திருப்பி, விசில் எங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

பதிந்த ஒலியை எழுத்தாக்க மென்பொருள்கள் இருக்கின்றன. அவை யுஇஎஃப் என்ற வகைக் கோப்பைக் கொடுக்கும். பீப்எம், ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர்களில் அதைப் போட்டால் பழைய மெஷின் அப்படியே திரையில் எழுந்து நிற்கும். ஜேஎஸ்பீப் பிரவுசரிலேயே ஓடும். எதையும் நிறுவ வேண்டாம். இந்த வேலையெல்லாம் தம்பி மகன் செய்தான். வாதாடினாலும் வேலை செய்கிற பிள்ளை.

அடுத்தது, எனக்கும் அவனுக்கும் நிஜமாகவே சண்டை வந்த விஷயம்.

இந்த மெஷின் புரோகிராமை 256 எழுத்து கொண்ட துண்டுகளாகப் பதியும். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு சோதனை எண் இருக்கும். வகுத்தல் கணக்கில் மீதி எடுப்போமே, கிட்டத்தட்ட அதேதான். படித்த எழுத்துக்களுக்கு மீண்டும் கணக்குப் போட்டால் அதே மீதி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. அன்றைக்குத் திரையில் "ரிவைண்ட் டேப்" என்று வந்து உங்கள் உயிரை வாங்கியது இதனால்தான்.

நம் 87ஆம் வருடத்து மாணவி ஒருத்தி, இப்போது நம்மோடு இல்லை, அவள் அம்மா நடத்திய ஏலச் சீட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். இருபது பேர், ஆளுக்கு 500 ரூபாய், மொத்தம் 10,000. ஒருவர் 2,000 தள்ளி எடுத்தால் கசர் ஆளுக்கு 100, அந்த மாதம் கட்ட வேண்டியது 400. "தள்ளு எவ்வளவு?" என்று ஆங்கில எழுத்தில் தமிழிலேயே கேட்கிறது புரோகிராம். நீங்கள் இப்போது வாட்ஸாப்பில் எழுதுவதை அவள் அப்போதே எழுதிவிட்டாள். ஆனால் கடைசிக்கு முந்தின துண்டு நடுவில் சிதைந்திருந்தது. தம்பி மகன் சொன்னான்: "முன்னாடியும் பின்னாடியும் இருக்கு அத்தை. நடுவுல தாமதக் கட்டணம் கணக்குதான். ஏஐகிட்ட கொடுத்தா நிரப்பிடும்." கூடாது என்றேன். ஓடுகிற புரோகிராம் கிடைக்கும், அவள் எழுதிய புரோகிராம் கிடைக்காது. இடைவெளியை இடைவெளியாகவே விடு, இன்ன இடத்தில் இத்தனை எழுத்து இல்லை என்று குறித்து வை என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் தோழியின் கேசட் வந்தது. அதே புரோகிராமை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தாள். அந்தத் துண்டு அதில் முழுசாக இருந்தது. சிதைந்த கேசட்டில் சோதனை எண் மட்டும் தப்பியிருந்தது. இரண்டிலும் மீதி ஒன்றுதான். ஆகவே இரண்டும் ஒரே எழுத்து என்று நம்பலாம். அது தற்செயலாகப் பொருந்த 65,536இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. தாமதக் கட்டணக் கணக்குத்தான் அது. கூடவே ஒரு வரி இருந்தது: ஆள் எண் 7 ஆக இருந்தால் தாமதக் கட்டணம் இல்லை.

அந்த ஏழாம் நம்பர் யாரோ, ஏன் அந்தச் சலுகையோ, தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒரு தயவு இருந்தது என்பது அந்த வரியில் இருக்கிறது. எந்த ஏஐயும் அந்த வரியை எழுதியிருக்காது. நானும் எழுதியிருக்க மாட்டேன். அவள் மகளிடம் அதைக் கொடுத்தோம். அவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்ட அம்மா, பதினைந்து வயதில் தன் அம்மாவுக்கு எழுதிய புரோகிராம். "எங்க அம்மா கணக்குல கெட்டி மட்டும்னு நினைச்சேன் டீச்சர்" என்றாள்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஊர் ஊராகத் தேடிப் பல ஏடுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் செய்தார். ஓர் ஏட்டில் செல்லரித்த இடம் இன்னோர் ஏட்டில் இருக்கும். எதிலும் இல்லாவிட்டால் விட்ட இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டுவது பழைய பதிப்பு நூல்களின் வழக்கம். நமக்கும் அந்த முறைதான் சரி. அதனால்தான் எல்லோருடைய கேசட்டும் வேண்டும் என்கிறேன். உங்களுடையது பாழாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் தோழியின் சிதைந்த துண்டு அதில் நன்றாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. எடுத்ததை உடனே குழுவில் போட்டுவிடக் கூடாது. முதலில் எழுதியவளிடம் கொடுக்க வேண்டும். அவள் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்கு. ரெம் வரியில் நீங்கள் தோழிகளுக்கு எழுதிய ரகசியங்கள் எத்தனை என்று உங்களுக்கே மறந்திருக்கும். "இன்று கணக்கு டீச்சர் சிடுசிடு" என்று ஒன்று இருந்தது. எழுதியவள் யார் என்று தெரியும். மன்னித்தாகிவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். மேலே பாட்டுப் பெயர் எழுதியிருந்தாலும் பின்பக்கத்தையும் பாருங்கள். நாம் பழைய பாட்டுக் கேசட்டின் மேல்தானே பதிந்தோம். பூஞ்சை இருந்தால் தனியாக எடுத்து ஒரு கவரில் போடுங்கள். மேல் விளிம்பில் இருக்கும் சின்னத் தாவல்கள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாரும் அதன் மேல் பதிய முடியாது. ஸ்பீக்கர் பக்கமோ காந்தம் இருக்கும் பொருள் பக்கமோ வைக்காதீர்கள். ரொம்ப நாளாகத் தூங்கிய பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுச் சோதிக்கவும் வேண்டாம். அதன் ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், டேப்பைத் தின்றுவிடும். எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரின் கேசட் உறவினர் வீடுகளில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதன் எழுத்து முறை வேறு. ஆனால் ஒலியை எடுக்கும் முதல் வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

டேப்புக்கும் வயதாகிறது, படிக்கத் தெரிந்த எனக்கும் வயதாகிறது. அதனால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். வீட்டைக் காலி செய்கிறவள் அந்தப் பெட்டியை அப்படியே என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் போதும். பிரிக்கிற வேலை என்னுடையது, காபியும் என்னுடையது.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்